லென்ஸ் மாற்றுவதற்கு முன் ஒரு கணக்கு



இந்த வாரம் கெமரா லென்ஸ் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், மிளகும் சீமெந்தும் துணியும் விற்கும் எங்களுக்கு இது எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். இருக்கின்ற ஒரு சாமானை வைத்துக் கொண்டே இன்னும் நல்லதொன்றை வாங்கலாமா, வேண்டாமா என்ற கேள்வி எல்லாத் தொழிலிலும் வருகிறது. கடைக்குப் புதிய தராசு, வானுக்குப் பதிலாக லொறி, பழைய குளிர்சாதனப் பெட்டிக்குப் பதிலாகப் பெரியது என்று ஏதாவது ஒன்று வருடா வருடம் நம் முன்னால் வந்து நிற்கிறது. அந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் தேடுவது எப்படி என்பதைத்தான் ஒரு லென்ஸை வைத்துச் சொல்லப் போகிறேன். ஸ்டூடியோ நடத்தும் சகோதரர்களுக்கு இது நேரடியாகவே உதவும்.

எனது தங்கை மகன் வஹகோட்டையில் ஒரு சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கிறார். எங்கள் ஊரின் அந்தோனியார் கோயில் நாடறிந்தது. திருவிழாக் காலத்தில் வெளியூர்ச் சனமெல்லாம் இங்கே வந்து சேரும். போர்த்துக்கேயர் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர் இது. சுற்றிவரச் சிங்களக் கிராமங்கள். கலேவலை, மாத்தளைப் பக்கம் நம்மவர்களின் ஊர்கள். ஆகவே அவருக்கு ஒரு கிழமை கோயிலில் திருமணம், அடுத்த கிழமை மண்டபத்தில் போறுவை, அதற்கடுத்த கிழமை பள்ளிவாசலில் நிக்காஹ், இடையில் பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று எல்லா வகை வேலையும் வரும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு கடைக்கு வந்தார். முகம் சரியில்லை.

"மாமா, இந்த லென்ஸ வெச்சிக்கிட்டு இனித் தொழில் செய்ய ஏலா. மாத்தியே ஆகணும்."

"காசு இருக்கா மகன்?"

"பாதி இருக்கு. மிச்சத்துக்கு உம்மாட ரெண்டு காப்பையும் அடகு வெக்கச் சொல்லி உம்மாவே சொல்றாங்க."

அந்தக் காப்புகள் எங்கள் உம்மா என் தங்கைக்குப் போட்டவை. அவளிடம் மிஞ்சியிருப்பதும் அவைதான். ஆகவே இது வெறும் லென்ஸ் விஷயமல்ல என்று எனக்குப் பட்டது. "ஒரு மாதம் பொறுங்க, கணக்குப் பார்ப்போம்" என்றேன். அந்த ஒரு மாதத்தில் அவரிடம் கேட்டும், தெரிந்தவர்களிடம் விசாரித்தும் நான் விளங்கிக் கொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

எல்லாம் விற்கும் கடை

அவரிடம் இருப்பது நிக்கோன் 18-200 சூம் லென்ஸ். இதில் வரும் இலக்கங்கள் குவியத்தூரத்தை மில்லிமீற்றரில் குறிக்கின்றன. 18 என்றால் அகலமாகப் பார்க்கும். மண்டபம் முழுவதும் ஒரே படத்தில் அடங்கும். 200 என்றால் தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டு வரும். மேடையில் நிற்பவரின் முகம் மட்டும் படத்தை நிரப்பும். இரண்டுக்கும் இடையில் எந்த அளவையும் ஒரு திருகலில் பிடித்துக் கொள்ளலாம். லென்ஸைக் கழற்றி மாட்டத் தேவையில்லை; அதனால் கெமராவுக்குள் தூசி போகும் பயமும் குறைவு.

சூம் லென்ஸ் ஆரம்பத்தில் இப்படி இருக்கவில்லை. சாதாரண 35 மில்லிமீற்றர் பிலிம் கெமராவுக்கான முதலாவது சூம் லென்ஸ் 1959 இல் வந்தது. ஜெர்மனியின் பொய்க்லாண்டர் கம்பனி வெளியிட்ட அதன் வீச்சு 36 முதல் 82 மட்டுமே. 1992 இல் ஜப்பானின் டேம்ரோன் கம்பனி 28 முதல் 200 வரை ஒரே லென்ஸில் அடக்கியது. 2005 நவம்பரில் நிக்கோன், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதியோடு இந்த 18-200 ஐ அறிவித்தது. அந்தக் காலத்தில் இதற்குப் பெயர் எழுதி வைத்துக் காத்திருந்து வாங்கியவர்கள் பலர். 2008 இல் கெனனும் இதே அளவில் ஒன்றைக் கொண்டு வந்தது.

இந்த வகை லென்ஸ் நம் கிராமத்துப் பலசரக்குக் கடை மாதிரி. அரிசியும் இருக்கும், ஆணியும் இருக்கும், அப்பியாசக் கொப்பியும் இருக்கும். அவசரத்துக்கு வருபவர் வெறுங்கையோடு போக மாட்டார். ஆனால் கதவுக்குப் பூட்டு வாங்க வந்தவர் பத்து வகை கேட்டால் நம்மிடம் ஒரு வகைதான் இருக்கும். எல்லாம் வைத்திருப்பவன் எதையும் ஆழமாக வைத்திருக்க முடியாது. அது குற்றமல்ல, அந்த வியாபாரத்தின் இயல்பு. லென்ஸிலும் அப்படித்தான். இவ்வளவு பெரிய வீச்சை ஒரு கையடக்கமான சாமானுக்குள் அடக்க வேண்டுமென்றால் எங்காவது விட்டுக் கொடுக்க வேண்டும்.

எங்கே விட்டுக் கொடுக்கிறது?

முதலாவது, வெளிச்சம். லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தின் அளவை எஃப் இலக்கத்தால் சொல்வார்கள். இலக்கம் சிறிதானால் துவாரம் பெரிது. இந்த லென்ஸ் 18 இல் எஃப் 3.5 வரை திறக்கும். 50 பக்கம் வரும்போது 5 க்குக் கிட்டப் போய்விடும். நீட்டிய நிலையில் 5.6 தான். எஃப் 2.8 லென்ஸ் ஒன்று 5.6 ஐ விட நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதாவது செக்கனில் முப்பதில் ஒரு பங்கு நேரம் கொடுத்து எடுக்க வேண்டிய படத்தை நூற்றியிருபதில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்துவிடலாம். மணமகன் தலையைத் திருப்பினாலும் முகம் கலங்காது.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "எனது லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருக்கிறதே" என்பார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். எதிரில் நிற்பவர் அசைந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. சுவரும் தூணும் தெளிவாக விழும், மாப்பிள்ளையின் கை மட்டும் மங்கலாக இருக்கும்.

இரண்டாவது, நேர்க்கோடு. 18 இல் எடுக்கும் போது ஓரத்துத் தூண்கள் பீப்பாய் மாதிரி வெளியே வளையும். நீட்டி எடுக்கும்போது உள்ளே வளையும். கணினியில் இதைப் பெரும்பாலும் சரி செய்துவிடலாம். நேரம்தான் செலவு.

மூன்றாவது, கூர்மை. மூலைகளிலும், நீட்டிய நிலையிலும் படம் சற்றுக் கூர்மை குறைந்து விழும். துவாரத்தை எஃப் 8 க்குச் சுருக்கினால் வித்தியாசம் நன்றாகக் குறைந்துவிடும். வெயிலில் எடுக்கும் குழுப் படத்தில் விலை கூடிய லென்ஸையும் இதையும் பிரித்துச் சொல்ல வாடிக்கையாளரால் முடியாது.

நான்காவது, கிட்டத்தில் வைத்து எடுக்கும்போது 200 என்பது உண்மையில் 200 ஆக வேலை செய்வதில்லை. மோதிரத்தைக் கிட்டத்தில் எடுக்கும்போது எதிர்பார்த்த அளவு பெரிதாக விழவில்லை என்று மருமகன் முறைப்பட்டதற்குக் காரணம் இதுதான். லென்ஸ் பழுதாகவில்லை, இந்த வகை லென்ஸ்களில் இது சாதாரணம்.

படங்களே பேரேடு

ஒரு கடையில் எந்தச் சாமான் ஓடுகிறது என்று அறிய நாம் என்ன செய்வோம்? ஊகிக்க மாட்டோம், கொப்பியைப் புரட்டுவோம். டிஜிட்டல் கெமராவிலும் அப்படி ஒரு கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் எந்தக் குவியத்தூரத்தில், எந்த எஃப் இலக்கத்தில், எந்த ஷட்டர் வேகத்தில், எந்த ஐ.எஸ்.ஓ. அளவில் எடுக்கப்பட்டது என்பது தானாகவே பதிவாகியிருக்கும். கணினியில் கோப்பின் விபரத்தைத் திறந்தால் தெரியும்.

மருமகனிடம் நான் சொன்ன வேலை இதுதான்: "கடைசியாகச் செய்த மூன்று கலியாணத்துப் படங்களையும் எடுங்க. ஒவ்வொண்ணும் எந்த அளவுல எடுத்ததுன்னு எழுதுங்க. அல்பத்துக்குப் போனது எது, கழிச்சுப் போட்டது எது, ஏன் கழிச்சதுன்னும் எழுதுங்க."

இரண்டு இரவு இருந்து செய்தார். வந்த விடை அவருக்கே ஆச்சரியம். அல்பத்துக்குப் போன படங்களில் பெரும்பாலானவை 18 க்கும் 55 க்கும் இடையில் எடுக்கப்பட்டவை. 135 க்கு மேல் எடுத்தவை கொஞ்சம்தான். அவையும் கோயிலுக்குள் தூரத்திலிருந்து எடுத்தவை. கழித்துப் போட்டவற்றில் மூலை கூர்மையில்லை என்பதற்காகக் கழித்தது ஒன்றும் இல்லை. ஆட்கள் அசைந்ததால் மங்கியவை ஒரு பகுதி. வெளிச்சம் போதாமல் ஐ.எஸ்.ஓ. வை மிகவும் கூட்டியதால் புள்ளி புள்ளியாக விழுந்தவை இன்னொரு பகுதி. மீதி, பிளாஷை நேரே முகத்தில் அடித்ததால் கெட்டவையும், போகஸ் தவறிப் பின்னால் இருந்தவரில் விழுந்தவையும்.

இப்போது நோய் தெரிந்துவிட்டது. அவருக்குக் குறை, கட்டடத்துக்குள் வெளிச்சம். "புது லென்ஸ்" என்று பொதுவாகச் சொல்லிக் கொண்டிருந்தது இப்போது "18 முதல் 55 வரைக்குள், கூடுதலாக வெளிச்சம் விடும் ஒன்று" என்று சுருங்கிவிட்டது. அதிலும் ஒரு பகுதி லென்ஸின் குற்றமே அல்ல. பிளாஷை வெள்ளைக் கூரைக்குத் திருப்பி அடித்து ஒளியைத் தெறிக்க வைத்திருந்தாலே பல படங்கள் தப்பியிருக்கும். போகஸ் புள்ளியைக் கெமரா தெரிவு செய்ய விடாமல் தானே கண்ணில் வைத்திருந்தால் இன்னும் சில தப்பியிருக்கும். இவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை.

நான்கு வழிகள்

குறை தெரிந்த பிறகு வழிகளை விலைப்படி வரிசைப்படுத்தினோம்.

முதலாவது வழி, இருப்பதையே நன்றாகப் பாவிப்பது. பிளாஷ் பழக்கம், போகஸ் பழக்கம், லென்ஸைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பது.

இரண்டாவது வழி, சூம் இல்லாத சிறிய லென்ஸ் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் கொள்வது. நிக்கோனின் 35 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் 2009 இல் வெளியானபோது அமெரிக்க விலை 200 டொலர். கெனனின் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 இன் புதிய வகை 2015 இல் 125 டொலருக்கு வந்தது. இவை எஃப் 5 ஐ விட ஏழு மடங்குக்கு மேல் வெளிச்சம் விடுபவை. ஆனால் முன்னே போவதும் பின்னே வருவதும் உங்கள் கால்தான். சனம் நெருக்கும் வீட்டுக் கலியாணத்தில் இது எப்போதும் நடக்காது.

மூன்றாவது வழி, எஃப் 2.8 இலேயே நிற்கும் குறுகிய சூம். கெனன் 17-55, டேம்ரோன் 17-50 ஆகியவை 2006 இல் வந்தவை. சிக்மா 17-50 வந்தது 2010 இல். இவற்றில் 200 வரை நீட்ட முடியாது. ஆனால் மருமகனின் கொப்பி சொல்லும் இடத்தில் சரியாக நிற்பவை.

நான்காவது வழி, அதே எல்லாம் விற்கும் கடையைக் கொஞ்சம் உயர்தரமாக்குவது. கெனனின் 15-85 (2009), நிக்கோனின் 16-80 (2015) போன்றவை. படம் நன்றாக வரும். நிக்கோன் 16-80 அகலமான பக்கத்தில் எஃப் 2.8 இலும் மறுபக்கம் எஃப் 4 இலும் நிற்கும். ஆனால் விலை? அது வெளிவந்தபோது 1,000 டொலருக்கு மேல். 2015 நடுப்பகுதியில் டொலர் சுமார் 134 ரூபா. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ஐத் தொட்டது நம் எல்லோருக்கும் ஞாபகம். 2024 இல் அது 300 ரூபாவைச் சுற்றி நின்றது. ஆகவே டொலர் விலை மாறாவிட்டாலும் ரூபாக் கணக்கில் அந்தச் சாமான் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரியும் 18 வீதமானது. ஆனால் கலியாணக்காரர் தரும் கட்டணம் அதே வேகத்தில் ஏறியதா என்பதை ஒவ்வொருவரும் தங்கள் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மருமகன் முதலில் கேட்டு வந்தது இந்த நான்காவது வழியை. காரணம், நகரத்தில் ஒருவர் கையில் அதைக் கண்டிருக்கிறார். அந்த நகரத்துக்காரரின் வேலை வேறு, இவருடைய வேலை வேறு.

மாதத்துக்கு எவ்வளவு?

இனி நமக்குத் தெரிந்த பகுதிக்கு வருவோம். உதாரணத்துக்காக இலக்கங்களை நானே வைக்கிறேன், உங்கள் இலக்கங்களை நீங்கள் போட்டுப் பாருங்கள்.

ஒரு லென்ஸ் 150,000 ரூபா என்று வைத்துக் கொள்வோம். மூன்று வருடம் பாவித்து 60,000 ரூபாவுக்கு விற்கலாம் என்றால், உண்மையான செலவு 90,000. முப்பத்தாறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 2,500 ரூபா. மாதத்தில் நான்கு வேலை வந்தால் ஒரு வேலைக்கு 625 ரூபா. ஒரேயொரு வேலைதான் வருமென்றால் அந்த 2,500 ஐயும் அந்த ஒரு வேலையே சுமக்க வேண்டும். நாளொன்றுக்கு 3,000 ரூபாவுக்கு அந்த லென்ஸை வாடகைக்கு எடுக்க முடியுமானால், மாதம் ஒரு வேலை உள்ளவருக்குச் சொந்தமாக வாங்குவதால் வரும் மிச்சம் வெறும் 500 ரூபாதான். அதற்காக ஒன்றரை இலட்சத்தை முடக்குவதா? நான்கு வேலை உள்ளவருக்கு வாடகை 12,000. அவர் வாங்குவதே நல்லது.

அடுத்த கேள்வி முக்கியமானது. இந்த லென்ஸால் வருமானம் எந்த வழியில் கூடும்? மூன்று வழிதான் இருக்கிறது. கட்டணத்தைக் கூட்ட முடிய வேண்டும், அல்லது இதுவரை கிடைக்காத வேலை கிடைக்க வேண்டும், அல்லது கணினியில் உட்கார்ந்து திருத்தும் நேரம் மிச்சமாகி அந்த நேரத்தில் வேறு வேலை செய்ய வேண்டும். இந்த மூன்றில் ஒன்றையாவது விரலை வைத்துக் காட்ட முடியாவிட்டால், நீங்கள் வாங்குவது தொழில் உபகரணமல்ல, ஆசை. ஆசைக்கு வாங்குவது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைத் தொழில் முதலில் எழுதாதீர்கள். அதற்காக உம்மாவின் காப்பையும் தொடாதீர்கள்.

தவணைக்கோ அடகுக்கோ போனால் மேற்சொன்ன 2,500 உடன் இன்னொரு தொகையும் சேரும். வட்டி பற்றி மார்க்கம் சொல்வதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. வெறும் வியாபாரக் கணக்காகப் பார்த்தாலும், வேலை குறைந்த மாதத்தில் லென்ஸ் அலுமாரியில் சும்மா இருக்கும், தவணை சும்மா இருக்காது.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் என் கடையில் ஒரு சிறிய போட்டோக்கொப்பி இயந்திரம் இருந்தது. நன்றாகத்தான் ஓடியது. ஒரு விற்பனையாளர் வந்து, இரண்டு பக்கமும் தானாக அடித்து அடுக்கித் தரும் பெரிய இயந்திரத்தின் பெருமையைச் சொன்னார். லீசிங்கில் எடுத்தேன். ஆனால் என் கடைக்கு வருபவர் யார்? அடையாள அட்டைக்கு ஒரு கொப்பி, பிறப்புச் சான்றிதழுக்கு இரண்டு கொப்பி எடுக்க வருபவர்கள். அந்த இரண்டு கொப்பியைப் பெரிய இயந்திரமும் அதே விலைக்குத்தான் அடித்தது. தவணை கட்டி முடிக்க வீட்டுக்குப் பின்னாலிருந்த காணித் துண்டொன்றை விற்றேன். இயந்திரத்தில் பிழையில்லை. என் கொப்பியைப் புரட்டாமல் அவருடைய விளம்பரத் தாளைப் புரட்டியதுதான் பிழை.

இன்றைய நிலையில் இன்னொரு விஷயம்

பத்து வருடங்களுக்கு முன் இந்தக் கட்டுரையை எழுதியிருந்தால் இங்கே முடித்திருப்பேன். ஆனால் 2018 இல் நிக்கோனும் கெனனும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கெமராக்களுக்கெனப் புதிய லென்ஸ் வாய்களைக் கொண்டு வந்தன. அதற்குப் பிறகு அவ்விரு கம்பனிகளின் கவனமும் அந்தப் பக்கமே போய்விட்டது. நிக்கோனின் பழைய வாய் 1959 இலிருந்தும், கெனனுடையது 1987 இலிருந்தும் வருபவை. அவற்றுக்கு இனிப் பெரிதாகப் புதிய லென்ஸ்கள் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

இது வாங்குபவருக்கு நல்லதும் கெட்டதுமாகும். பலர் புதிய பக்கம் போவதால் பழைய வாய் லென்ஸ்கள் பாவித்த சந்தையில் நிறைய வருகின்றன, விலையும் இறங்குகிறது. அதே காரணத்தால் நாளை நீங்கள் விற்கும்போதும் விலை இறங்கியிருக்கும். ஆகவே பழைய வாய்க்குப் புத்தம் புதிதாக அதிக விலை கொடுப்பதைவிட, நல்ல நிலையிலுள்ள பாவித்த லென்ஸை வாங்குவது புத்தி. இடையில் ஒரு வளையம் மாட்டிப் புதிய கெமராவில் பழைய லென்ஸைப் பாவிக்கவும் முடியும். ஆனால் நிக்கோனின் அந்த வளையத்தில், உள்ளே மோட்டார் இல்லாத மிகப் பழைய லென்ஸ்களுக்குத் தானியங்கிப் போகஸ் வேலை செய்யாது.

இன்னொன்று: 18-200, 17-50, 16-80 எல்லாம் சிறிய சென்சர் கெமராவுக்குச் செய்யப்பட்டவை. இரண்டு வருடத்துக்குள் முழு அளவு சென்சர் கெமராவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இந்த லென்ஸில் பணம் போடாதீர்கள். நிக்கோன் கெமராவில் அது படத்தின் நடுப்பகுதியை மட்டும் தரும். கெனனின் 17-55, 15-85 போன்றவை முழு அளவு டி.எஸ்.எல்.ஆர். கெமராவில் மாட்டவே மாட்டா.

பாவித்ததை வாங்கும்போது

பாவித்த சாமானை வாங்கும் சாமர்த்தியம் நம் வியாபாரிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. லென்ஸில் எங்கே பார்ப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒரு டோர்ச் வெளிச்சத்தை லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறுபக்கத்திலிருந்து சரிவாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். வாங்க வேண்டாம். இரண்டொரு தூசித் துணிக்கை இருந்தால் படத்தைப் பாதிக்காது. துவாரத்தின் தகடுகளில் எண்ணெய் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தால் தானாக நீளுகிறதா என்றும் பாருங்கள். 18-200 இன் முதலாவது வகைக்கு இது பழைய முறைப்பாடு. 2009 இல் வந்த இரண்டாவது வகையில் அதற்கொரு பூட்டு வைத்தார்கள்.

உங்கள் கெமராவையும் கொண்டு போய் அதில் மாட்டிப் பாருங்கள். பத்திரிகைத் தாள்களைச் சுவரில் ஒட்டி, நேரே நின்று, துவாரத்தை முழுதாகத் திறந்து ஒரு படம் எடுங்கள். நான்கு மூலையும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் எங்கோ விழுந்திருக்கக்கூடும்.

டேம்ரோன் 17-50 வாங்கும் நிக்கோன்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதன் ஆரம்ப வகையில் போகஸ் மோட்டார் இல்லை. கெமராவிலுள்ள மோட்டாரால்தான் ஓடும். நிக்கோனின் 3000, 5000 வரிசைக் கெமராக்களில் அந்த மோட்டார் கிடையாது. தெரியாமல் வாங்கினால் ஒவ்வொரு படத்துக்கும் கையால் திருக வேண்டியதுதான். மலிவு என்று ஓடிப்போய் வாங்கியவர்கள் பலர் இதில் அகப்பட்டிருக்கிறார்கள்.

வாங்கிய பிறகு பேணுவது. மழைக்காலத்தில் நம் பக்கத்து ஈரம் லென்ஸுக்கு எதிரி. தோல் உறைக்குள் போட்டு அலுமாரியில் பூட்டி வைத்தால் பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதியோடு வையுங்கள். பொதி ஈரத்தைக் குடித்து முடித்தால் சூடாக்கி உலர்த்தியோ மாற்றியோ வைக்க வேண்டும். எல்லாவற்றிலும் நல்லது, அடிக்கடி வெளியே எடுத்துப் பாவிப்பது.

என்ன முடிவானது?

மருமகன் ஒரு நண்பரிடமிருந்து 17-50 எஃப் 2.8 லென்ஸ் ஒன்றை ஒரு கலியாணத்துக்கு மட்டும் இரவலாக வாங்கினார். பிளாஷையும் கூரைக்குத் திருப்பி அடித்தார். அந்தப் படங்களைப் பழைய மூன்று கலியாணத்தோடும் வைத்துப் பார்த்தோம். கழிக்க வேண்டியவை வெகுவாகக் குறைந்திருந்தன. குழுப் படங்களில் மட்டும் வித்தியாசம் ஒன்றுமில்லை. வரிசையாக நிற்கும் எல்லோரும் தெளிவாக விழ எப்படியும் துவாரத்தைச் சுருக்கத்தானே வேண்டும்?

அதற்குப் பிறகுதான் வாங்கச் சம்மதித்தேன். பாவித்த லென்ஸ் ஒன்றைச் சோதித்து, கையிலிருந்த பணத்துக்குள்ளேயே வாங்கினார். மிஞ்சியதை அடுத்த கெமராவுக்கென்று ஒதுக்கி வைத்தார். பழைய 18-200 ஐ விற்கவில்லை. இன்றைய சந்தையில் அதற்குக் கிடைக்கும் விலை சொற்பம். ஆனால் திருவிழாப் பவனியில் சனத்துக்கு நடுவில் நின்று தூரத்திலுள்ள சொரூபத்தையும் பக்கத்தில் நிற்கும் பிள்ளையையும் அடுத்தடுத்து எடுக்க அதைவிட வசதியானது அவரிடம் வேறில்லை. வெயிலில் நடக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் அதுதான்.

தங்கையின் காப்புகள் அவள் கையிலேயே இருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரர்களே, உங்கள் கடையிலும் இப்படியொரு "மாற்றியே ஆக வேண்டும்" இப்போது இருக்கக்கூடும். மாற்றுங்கள், தடுக்கவில்லை. அதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். பழையதால் நான் இழந்தது எது, அதைப் பெயர் சொல்லிக் காட்ட முடியுமா? அந்த இழப்புக்கு இதைவிட மலிவான மருந்து இருக்கிறதா? வாங்குவதற்கு முன் ஒரு நாளாவது இரவலாகவோ வாடகையாகவோ பாவித்துப் பார்த்தேனா? மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு மாதம் பொறுங்கள். உங்கள் கணக்குக் கொப்பி அதற்குள் பதில் சொல்லிவிடும்.